விறகு, கரி, கொட்டாங்குச்சி: பல எரிபொருள் அடுப்பை வீட்டில் எரிக்கவும் பராமரிக்கவும் முழுமையான வழிகாட்டி

என் அப்பா மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் புகைவீட்டுக்காரராக இருந்தார். ரப்பர் சீட்டுகளை வரிசையாகக் கழிகளில் தொங்கவிட்டு, அடியில் ரப்பர் கட்டையைப் புகையவிட்டு நாள்கணக்கில் உலர்த்துகிற வேலை. கட்டை குப்பென்று பற்றிக்கொண்டால் சீட்டு கொப்புளித்துவிடும். அணைந்துபோனால் பூஞ்சை பிடிக்கும். அதனால் ராத்திரியில் இரண்டு மூன்று முறை எழுந்துபோய் அடிக்கதவைக் கொஞ்சம் திறந்தும் சாத்தியும் வைத்துவிட்டு வருவார். எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) வீட்டில் அம்மா சமைத்ததும் அதே ரப்பர் கட்டையில்தான். அங்கே புகைதான் வேண்டும், இங்கே புகையே கூடாது. கட்டை ஒன்றுதான். காற்றை விடுகிற விதத்தில்தான் எல்லாம் இருந்தது.

இப்போது நாங்கள் தாமான் (வீடமைப்புப் பகுதி) வீட்டில் இருக்கிறோம். கேஸ் அடுப்பும் இருக்கிறது. ஆனால் தீபாவளிக்கு முறுக்குச் சட்டி வைக்கவும், பொங்கலுக்குப் பெரிய பானை ஏற்றவும், பிள்ளை பெற்ற வீட்டில் தினமும் அண்டா நிறையத் தண்ணீர் காய்ச்சவும், 14 கிலோ கேஸ் தோங் (சிலிண்டர்) நடுராத்திரியில் தீர்ந்துபோகும்போதும், பின்கட்டில் உள்ள இரும்பு அடுப்புதான் கைகொடுக்கிறது. விறகு, கரி, கொட்டாங்குச்சி, செம்பனை ஓடு (எண்ணெய்ப்பனைக் கொட்டையின் ஓடு) என்று எதையும் அதில் எரிக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி எரிக்க முடியாது. இப்படி ஓர் அடுப்பை வாங்கியவர்கள் பலரும் ஆறே மாதத்தில் மூலையில் தள்ளிவிடுவது இது தெரியாததால்தான்.

அடுப்பை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

சாதாரண விறகடுப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் உள்ளே இருக்கும் கம்பித் தட்டு. தட்டின் மேல் எரிபொருள், கீழே சாம்பல் இழுப்பறை. காற்று வர இரண்டு வழி: கம்பித் தட்டுக்குக் கீழே ஒன்று, எரிகிற இடத்துக்கு மேலே ஒன்று. பின்னால் புகைக்குழாய், அதில் திருப்பி வைக்கும் தடுப்புத் தகடு. உள்சுவரில் தீக்கல், அதாவது சூடு தாங்கும் செங்கல்.

என் அடுப்பைப் பட்டறையில் சொல்லித்தான் செய்தேன். வெல்டிங் செய்த தம்பி, “எதுக்குக்கா ரெண்டு ஓட்டை? கீழ ஒண்ணு போதாதா?” என்று கேட்டார். “கரிக்கு மட்டும்னா போதும் தம்பி. விறகுக்கு மேல காத்து வேணும்,” என்றேன். அவர் நம்பவில்லை. எரித்துக் காட்டிய பிறகு, அடுத்து செய்த அடுப்புகளிலும் இரண்டு வழி வைக்க ஆரம்பித்துவிட்டார்.

காரணம் இதுதான். காய்ந்த விறகின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் சூட்டில் வாயுவாகக் கிளம்பிவிடும். நாம் பார்க்கிற சுவாலை கட்டை எரிவதல்ல, கட்டையிலிருந்து வந்த வாயு எரிவது. அது கட்டைக்கு மேலே எரிகிறது. அதனால் காற்றும் மேலே வேண்டும். மேல் காற்றை அடைத்தால் அந்த வாயு எரியாமலே புகையாகக் குழாயில் ஏறும். கரி அப்படியல்ல. கரிமூட்டத்திலேயே வாயுவெல்லாம் போய்விட்டது. மிச்சம் இருக்கும் கரிமம், துண்டின் மேற்பரப்பில் கனன்று எரிகிறது. அதற்குக் காற்று அடியிலிருந்து, துண்டுகளுக்கு இடையில் நுழைந்து வரவேண்டும். கொட்டாங்குச்சியும் செம்பனை ஓடும் முதல் பாதியில் விறகு மாதிரி, பின் பாதியில் கரி மாதிரி.

இந்த ஒரு பத்தியை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டாலே மீதி எல்லாம் தானே வரும்.

வைக்கும் இடமும் குழாயும்

மூடிய சமையலறைக்குள் வைக்க வேண்டாம். கூரை உள்ள, இரண்டு பக்கமாவது திறந்த பின்கட்டு சரியான இடம். கீழே சிமெண்டுத் தரை. குழாய்க்கும் பலகைச் சுவர், உத்தரம் போன்ற எரியக்கூடிய எதற்கும் நடுவில் குறைந்தது ஒன்றரை அடி. கேஸ் தோங்கை ஆறடிக்கு அப்பால், முடிந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் வையுங்கள்.

குழாய் நேராக ஏறினால் நல்லது. வளைவு வந்தே ஆகவேண்டும் என்றால் இரண்டுக்கு மேல் போகக் கூடாது. ஸிங்க் தகரக் கூரையைத் துளைத்து வெளியே வரும் இடத்திலிருந்து மூன்றடியாவது உயர வேண்டும். பத்தடி சுற்றளவில் கூரையின் எந்தப் பகுதியும் இருந்தால் அதைவிட இரண்டடி மேலே நிற்க வேண்டும். குட்டைக் குழாய் வைத்தால் காற்று கூரையில் மோதித் திரும்பும்போது புகையை வீட்டுக்குள்ளேயே தள்ளும். மேலே மழைத் தொப்பியும், சிட்டுக்குருவி கூடு கட்டாதபடி அகலக் கண்ணி வலையும் போடுங்கள். நெருக்கமான வலை கரிபிடித்து அடைத்துக்கொள்ளும்.

புது அடுப்பை வாங்கிய அன்றே பெரிய தீ மூட்டாதீர்கள். மூன்று நாள், நாளுக்கு ஒரு சின்னத் தீ, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதலாக. தீக்கல்லிலும் பூச்சுக் களிமண்ணிலும் உள்ள ஈரம் மெல்ல வெளியேற வேண்டும். அவசரப்பட்டால் விரிசல் விடும். இரும்பில் அடித்த பெயிண்டும் இந்த மூன்று நாளில்தான் நாற்றமடித்து இறுகும். அப்போது சமைக்காதீர்கள்.

எரிபொருள்: இங்கேதான் பாதி வேலை

ரப்பர் மரம் இருபத்தைந்து, முப்பது வயதில் வெட்டப்படும். முன்பு அந்தக் கட்டை முழுக்க விறகாகவும் கரியாகவும் போனது. 1980களுக்குப் பிறகு நாற்காலி மேசை செய்ய ஆலைக்குப் போகிறது. அதனால் இன்று நமக்குக் கிடைப்பது மணிக்கட்டுக் கனமுள்ள கிளைகள்தாம். அடுப்புக்கு அதுவே போதும், பிளக்கும் வேலையும் மிச்சம்.

வெட்டிய கையோடு இருக்கும் ரப்பர் கட்டையின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். அதைத் தீயில் போட்டால், முதலில் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்கத்தான் தீ பாடுபடும். அதில் வீணாகும் சூடுகூடப் பெரிதில்லை. தீயின் வெப்பம் இறங்கிப்போவதால் வாயு பற்றிக்கொள்ளாமல் புகையாகவே போகிறதே, அதுதான் நட்டம். 20 விழுக்காட்டுக்குக் கீழ் ஈரம் இருந்தால்தான் எரிக்கத் தகுந்த விறகு. நம் ஊர்க் காற்றில் எவ்வளவு நாள் காயவைத்தாலும் 15 விழுக்காட்டை ஒட்டி நின்றுவிடும். ஆகவே நமக்குக் கிடைக்கும் இடைவெளி சின்னது. மழையில் ஒரு நாள் நனையவிட்டால் போச்சு.

ரப்பர் மரம் சீக்கிரம் கெடும் ஜாதி. வெட்டிச் சில நாளிலேயே நீலக்கறை ஏறும், வண்டு துளைக்கும். வெட்டிய வாரத்திலேயே ஒன்றரை அடித் துண்டாக்கி, கனமானதைப் பிளந்து, செங்கல் மேல் பலகை வைத்து அடுக்குங்கள். தரையில் வைத்தால் கரையான். அடுக்கில் ஒவ்வொரு வரிசைக்கும் இடையில் இரண்டு குச்சி வைத்தால் காற்று ஊடே போகும். மேலே கூரை மட்டும் போதும், பக்கங்களைத் தார்ப்பாயால் மூடினால் உள்ளேயே வேகும். என் பின்கட்டில் பிளந்த கட்டை காய மூன்று மாதம் ஆகிறது. அடுக்கில் கை விடும்போது கையுறை போடுங்கள். தேளும் பாம்பும் அங்கே குடியிருக்கும்.

காய்ந்ததா என்று பார்க்க இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது ‘டங்’ என்னும். ஈரமானது ‘தொப்’ என்னும். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டில் அடையாளம் போட்டு வாரம் ஒரு முறை சமையல் தராசில் நிறுத்துப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு வாரம் எடை மாறாவிட்டால் அது காய்ந்துவிட்டது. ஈரமானி வைத்திருப்பவர்கள் வெளிப்பட்டையில் குத்திப் பார்க்காமல், கட்டையைப் பிளந்து புதிதாகத் தெரியும் பக்கத்தில் குத்துங்கள்.

கரி என்றால் எங்கள் பேராக் மாநிலத்தில் கோலா செபெத்தாங் கரிதான். மாத்தாங் சதுப்புநிலக் காடு ஏறத்தாழ 40,000 ஹெக்டர். முப்பது ஆண்டுச் சுழற்சியில் வெட்டி நடும் பக்காவ் மரத்தை, குடிசை வடிவச் செங்கல் சூளைகளில் வாரக்கணக்கில் மூட்டம் போடுகிறார்கள். அங்கே போய்ப் பார்த்தபோது எனக்கு அப்பாவின் புகைவீடு ஞாபகம் வந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை. துவாரத்தில் வரும் புகையின் நிறத்தையும் வாசனையையும் வைத்தே முடிவு செய்கிறார்கள். நல்ல கரியை உடைத்தால் உள்ளே பளபளக்கும், தட்டினால் கண்ணாடி மாதிரி ஒலிக்கும். பழுப்பாக இருந்தால் சரியாக வேகாதது, புகையும்.

செம்பனை ஓடு நல்ல சூடு தரும். ஆனால் சின்னச் சின்னதாக இருப்பதால் கம்பித் தட்டின் இடைவெளியில் விழுந்துவிடும். துளையிட்ட தகடு ஒன்றை மேலே வைத்துக்கொள்ளுங்கள். செம்பனை மட்டையையும் தண்டையும் விட்டுவிடுங்கள், அதில் இருப்பதெல்லாம் தண்ணீர்.

இனி, போடவே கூடாதவை. பெயிண்ட் அடித்த பலகை. ஒட்டுப்பலகை. தூள்பலகை. தார் எண்ணெய் ஊறிய பழைய ரயில் கட்டை. மருந்தேற்றிய கம்பங்கள். பிளாஸ்டிக். அரளிக் குச்சி, அதன் புகையும் நஞ்சு. ரெங்காஸ் மரம், அதன் சாறு பட்டாலே தோல் கொப்புளிக்கும். பழைய லயத்தை இடிக்கும்போது வரும் பலகைகளைப் பலர் ஆசையாக அள்ளிவருவார்கள். பல கோட்டு பெயிண்ட் ஏறிய பலகை அது. அதன் புகையில் உங்கள் பிள்ளைக்குச் சோறு பொங்க வேண்டாம்.

தீ மூட்டுவது, விறகில்

முதலில் குழாய்த் தடுப்பை முழுசாகத் திற. கீழ், மேல் காற்று இரண்டையும் திற. சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் அணை. அந்த ஃபேன் குழாயில் மேலே போகவேண்டிய புகையைத் திருப்பி இழுத்துவிடும். அடுப்பு புகைகிறது என்று என்னிடம் வந்த பாதிப் பேர் வீட்டில் ஃபேன்தான் காரணமாக இருந்தது.

விறகை அடுக்கும்போது நாம் பழகியதற்கு எதிராகச் செய்யுங்கள். கனமான இரண்டு கட்டையைக் கீழே, நடுத்தரமானதை அதற்குக் குறுக்கே, தென்னை ஈர்க்கும் சிராய்களும் உச்சியில். தீயை உச்சியில் வையுங்கள். சுவாலை மெல்லக் கீழே இறங்கும். கீழ்க்கட்டையிலிருந்து கிளம்பும் வாயு மேலே ஏற்கெனவே எரிகிற சுவாலை வழியாகத்தான் போகவேண்டும், அதனால் எரிந்தே போகும். அடியில் வைத்தால் அது பச்சையாக வெளியேறும்.

பற்றவைக்க ஒட்டுப்பாலை (உறைந்து காய்ந்த ரப்பர் பாலை)ப் போடுவது நம் பழைய தோட்டப் பழக்கம். ஒரு துண்டு போதும், மழையிலும் பற்றும். ஆனால் அது விடும் கரும்புகை குழாயில் அப்பிக்கொள்ளும். தேங்காய் மஞ்சியே போதும். மண்ணெண்ணெய், பெட்ரோல் பக்கமே போகாதீர்கள்.

பத்துப் பதினைந்து நிமிடத்தில் கனமான கட்டைகள் பிடித்துக்கொள்ளும். அப்போது கீழ்க் காற்றை மெல்ல மூடுங்கள், மேல் காற்றை வைத்தே ஓட்டுங்கள். விறகுக்கு அடியில் ஒரு அங்குலம் சாம்பல் மெத்தை இருந்தால் கனல் நின்று எரியும். தீ அடங்கும்போது ஒரு கட்டை, அதற்கு மேல் வேண்டாம். ஒரேயடியாக நான்கைத் திணித்துவிட்டுக் காற்றைக் குறைத்தால் மிஞ்சுவது தார்தான்.

இடையில் ஒரு முறை வெளியே போய்க் குழாயின் நுனியைப் பாருங்கள். ஒன்றும் தெரியாமல், சூட்டில் காற்று மட்டும் நெளிந்தால் சரி. அடர்ந்த வெள்ளைப் புகை வந்தால் ஈரம். கறுத்து வந்தால் காற்றுப் போதவில்லை, அல்லது எதையோ போடக்கூடாததைப் போட்டிருக்கிறீர்கள்.

கரியில், ஓட்டில்

கரிக்கு மாறுவதற்கு முன் பழைய சாம்பலைச் சுத்தமாக வழித்து எடுங்கள். கம்பித் தட்டின் இடைவெளிகள் திறந்திருக்க வேண்டும். சிராயில் தீமூட்டி, கனலானதும் கரியை மூன்று நான்கு அங்குலக் கனத்துக்குப் பரப்புங்கள். கீழ்க் காற்றைத் திறந்து, மேல் காற்றை ஒரு விரல் இடைவெளிக்குக் குறையுங்கள். முழுக்க மூடாதீர்கள். கரிக்கு மேல் நீலச் சுவாலை ஆடுகிறதே, அது எரிந்துகொண்டிருக்கும் கார்பன் மோனாக்சைடு. மேலே காற்று இல்லாவிட்டால் அது எரியாமல் நிற்கும்.

இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஒரு நவம்பர் மாலை, மழை சாரல் அடிக்கிறது என்று பின்கட்டுத் தட்டியை இறக்கிவிட்டேன். அடுப்பில் கரி. குழாய்த் தடுப்பை, சூடு வீணாகிறதே என்று, ஏறக்குறைய மூடியிருந்தேன். புகை கிடையாது, வாசனை கிடையாது. அரைமணியில் எனக்குத் தலைவலி. பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்த அக்கா, “எனக்கும் தலைய சுத்துதுடி, வாந்தி வருது,” என்றார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வந்ததுதான் துப்பு. வெளியே வந்து நின்றோம், சரியானது. கனல் அணையும்வரை தடுப்பை மூடாதீர்கள். கனலுள்ள அடுப்பையோ சட்டியையோ படுக்கும் அறைக்குக் கொண்டுபோகாதீர்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிப்புக் கருவி ஒன்றை அடுப்புக்கு அருகே உள்ள அறையில் மாட்டுங்கள். ஒருவர் மயங்கினால் வெளியே இழுத்துப்போட்டு 999.

கொட்டாங்குச்சியை உடைத்து, கனல் மேல் இரண்டு கைப்பிடி அளவு மட்டும். பொசுக்கென்று எரியும். முறுக்குச் சட்டிக்கு இது ஆகாது, எண்ணெய்ச் சூடு ஏறி இறங்கும். தண்ணீர் காய்ச்ச அருமை. செம்பனை ஓட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். அதிகச் சூட்டில் அதன் சாம்பல் உருகிக் கிட்டமாக இறுகும். அடுப்பு ஆறியபின் கொக்கியால் பெயர்த்து எடுத்துவிடுங்கள், அடுத்த தீயில் அது இன்னும் கெட்டியாகும்.

பராமரிப்பு

சாம்பல் இழுப்பறையை நிறையவிடாதீர்கள். கம்பித் தட்டைக் குளிரவைப்பது கீழிருந்து வரும் காற்றுதான். சாம்பல் குவிந்து தட்டின் அடியைத் தொட்டால் காற்று அடைபட்டு, கம்பி பழுத்து வளைந்துவிடும். “தட்டு மட்டமான இரும்பு” என்று பட்டறையைத் திட்டுவார்கள். பெரும்பாலும் தவறு சாம்பலை அள்ளாததுதான்.

அள்ளிய சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, சிமெண்டுத் தரையில் வையுங்கள். நான் ஒரு முறை ஆறிவிட்டது என்று நம்பி பிளாஸ்டிக் வாளியில் அள்ளினேன். காலையில் வாளியின் அடிப்பாகம் இல்லை, சுவரில் முழ உயரத்துக்குக் கறுப்பு. சாம்பலுக்குள் புதைந்த கனல் இரண்டு மூன்று நாள்கூட உயிரோடு இருக்கும். நன்றாக ஆறிய, சுத்தமான விறகுச் சாம்பலை மிளகாய்ச் செடிக்குக் கைப்பிடியளவு தூவலாம். நம் மண் புளிப்பு, சாம்பல் அதைக் குறைக்கும். பாத்திரம் தேய்க்கவும் அதைவிட நல்லது இல்லை.

மாதம் ஒரு முறை குழாயைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்த மாவு மாதிரிப் புகைக்கரி இருந்தால் கம்பித் தூரிகையால் தள்ளினாலே போகும். பளபளவென்று தார் பூசியதுபோல் இருந்தால் நீங்கள் ஈர விறகை எரிக்கிறீர்கள், அல்லது காற்றை நெரிக்கிறீர்கள். அந்தத் தார்தான் ஒரு நாள் குழாய்க்குள் தீப்பிடிக்கும். ரயில் ஓடுவது மாதிரி இரைச்சல் கேட்டு, குழாய் சிவந்தால் அதுதான். காற்று வழிகள் அத்தனையையும் மூடி, எல்லோரையும் வெளியே அனுப்பி, 999 அழைத்து பொம்பாவை (தீயணைப்புப் படையை) வரச்சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கதவில் ஒட்டியிருக்கும் கண்ணாடிநார்க் கயிற்றைச் சோதிக்க, ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுங்கள். இறுக்கிப் பிடிக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் கள்ளக் காற்று நுழைகிறது, நீங்கள் எந்தக் காற்று வழியைத் திருகினாலும் தீ சொன்னபடி கேட்காது. கயிற்றை மாற்றுங்கள். தீக்கல்லில் மயிரிழை விரிசல் பரவாயில்லை. பொடிந்து உதிர்ந்தால் மாற்ற வேண்டும்.

நம் ஊரில் அடுப்பைத் தின்பது தீயைவிடத் துருதான். சாம்பல் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அது படிந்த இடத்தில் இரும்பு அரிக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் அடுப்பு வேலையில்லாமல் இருக்கப் போகிறது என்றால் சாம்பலை ஒரு துளி விடாமல் துடைத்தெடுத்து, காற்று வழிகளையும் தடுப்பையும் திறந்தே வையுங்கள். துரு கண்ட இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, சூடு தாங்கும் கறுப்புப் பெயிண்ட் அடியுங்கள். திரும்பப் பற்றவைக்கும்முன் குழாயைத் தட்டிப் பாருங்கள். குளவி கூடு கட்டியிருக்கும்.

புகைமூட்டக் காலத்தில்

2015-லும் 2019-லும் வந்ததுபோல் புகைமூட்டம் கவிந்தால், காற்று மாசுக் குறியீடு 100-ஐத் தாண்டும் நாள்களில் கேஸிலேயே சமையுங்கள். 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளி எரிப்பைத் தடை செய்கிறது. அடுப்பு இருக்கிறது என்பதற்காக வாசல் குப்பையையும் தென்னோலையையும் முற்றத்தில் குவித்துக் கொளுத்தாதீர்கள். பக்கத்து வீட்டில் இளைப்பு நோயுள்ள பெரியவர் இருந்தால், பற்றவைக்கும்முன் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள். என் வீட்டில் தீமூட்டும் பதினைந்து நிமிடத்தில்தான் புகை வருகிறது, அதனால் பக்கத்து வீட்டு அம்மா துணி எடுத்த பிறகே பற்றவைக்கிறேன்.